டிரெக்ட் பண்ணிவிட்ட பைக்

"சுவிட்ச் போயிட்டு தம்பி. டிரெக்ட் பண்ணி விடவா?"

கொட்டாஞ்சேனை, ஆமர் வீதிப் பக்கத்துப் பைக் கராஜ்களில் அரை மணி நேரம் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கேட்பவர் பாஸ். பதில் சொல்ல வேண்டியவன், கிழமை நாட்களில் அலுவலகத்துக்கும் சனி ஞாயிறில் மீமுரேக்கும் ஒரே ட்ரெயில் பைக்கில் போகிற பையன். "சரி பாஸ், பண்ணுங்க" என்பதைத் தவிர வேறு பதில் அநேகமாக வருவதில்லை. சைட் ஸ்டாண்டின் மூட்டிலிருந்து ஃபிரேமை ஒட்டி மேலேறும் வயரைத் தேடிப் பிடித்து வெட்டுகிறார். உள்ளே இருக்கும் கம்பிகளின் உறையை உரித்து, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுகிறார். பத்து நிமிட வேலை. ஸ்டார்ட்டரை அமுக்கினால் என்ஜின் பிடிக்கிறது. கூலியும் பெரிதாக இல்லை.

அந்த நிமிடத்திலிருந்து அந்த பைக்கில் ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் குறைவு. வெளியே பார்த்தால் தெரியாது. சுவிட்ச் அதே இடத்தில்தான் இருக்கும். ஸ்டாண்டைத் தட்டினால் 'டிக்' என்று சத்தமும் கேட்கும். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்க மறுமுனையில் யாரும் இல்லை.

இதைச் செய்யலாமா, கூடாதா என்ற வாக்குவாதம் பைக்காரர்கள் கூடுமிடமெல்லாம் நடக்கிறது. காட்டுப் பாதை ஓட்டுகிறவர்கள் வெட்டச் சொல்வார்கள். வீட்டிலிருக்கும் அம்மாமார் விஷயம் தெரிந்தால் பைக்கையே விற்கச் சொல்வார்கள். இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. என்னை உறுத்துவது வேறொன்று. இந்த நகரத்தில் ஒரு ட்ரெயில் பைக் ஒரே ஆளிடம் கடைசிவரை நிற்பதில்லை. வெட்டியவனுக்கு வெட்டியது தெரியும். அவனிடமிருந்து வாங்கியவனுக்கு?

இடது பக்கம் சாய்ந்தால்

சைட் ஸ்டாண்ட் இடது பக்கத்தில்தான் இருக்கும். அதை மடக்க மறந்து கிளம்பினால், நேராகப் போகும்வரை பெரிதாக ஒன்றும் நடக்காது. இடது பக்கம் சாய்ந்து திரும்பும்போதுதான் அதன் முனை தாரில் முட்டும். முட்டியதும் பைக்கின் பாரம் ஸ்டாண்டின் மேல் ஏறும்; பின் டயர் தரையை விட்டுக் கிளம்பும்; ஓட்டுகிறவர் வலது பக்கமாக, அதாவது எதிரே வரும் வாகனங்களின் பக்கமாக, எறியப்படுவார்.

நாம் இடது பக்கமாக ஓட்டுகிற நாடு என்பதை இங்கே மறக்கக் கூடாது. வலது பக்கமாக ஓட்டும் நாடுகளில் இடது திருப்பம் அகலமானது. சந்தியின் நடுவரை போய் மெதுவாக வளைக்கலாம். நமக்கு அதுதான் ஒடுங்கிய திருப்பம். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் வழியாகத் தெஹிவளைப் பக்கம் போகும்போது, காலி வீதிக்கு ஏறும் ஒழுங்கைகள் எல்லாம் இடது கைப் பக்கம். ஒழுங்கையின் வாயில் ஒரு முச்சக்கரவண்டி நிற்கும், அதற்குப் பக்கத்தில் மரக்கறி வண்டி நிற்கும். மிச்சமிருக்கும் இடைவெளிக்குள் பைக்கை மடக்கித்தான் நுழைய வேண்டும். ஸ்டாண்டை மறப்பதும் பைக்கை நிறுத்தி எடுத்த முதல் நிமிடத்தில்தான். கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வந்து, ஹெல்மெட்டை மாட்டி, பையை டேங்க்கின் மேல் வைத்து, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக் கிளம்புகிற அந்த அவசரம். அதற்கு அடுத்த ஐம்பது மீட்டருக்குள் ஓர் இடது திருப்பம் வந்துவிடும்.

இதற்கு மின்சாரமே தேவைப்படாத ஒரு மருந்து முன்பு இருந்தது. பழைய ஹொண்டாக்கள் பலவற்றில் ஸ்டாண்டின் நுனியில் ஒரு ரப்பர் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். தரையில் உரசியதும் அந்த ரப்பர் பிடித்திழுத்து ஸ்டாண்டைப் பின்பக்கமாக மடக்கிவிடும். ரப்பரில் ஒரு தேய்மானக் கோடும் உண்டு. அதுவரை தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருப்பார்கள். நம் ஊர்ப் பழைய பைக்குகளைக் குனிந்து பாருங்கள். ரப்பர் இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருக்கும்.

முன்னோக்கி ஓடும்போது தரையில் பட்டால் ஸ்டாண்ட் தானாகப் பின்பக்கம் மடிய வேண்டும் என்று அமெரிக்கா 1970களிலேயே விதி செய்தது. ஐரோப்பிய சமூகம் 1993இல் ஸ்டாண்டுகளுக்கென்றே தனியாக ஒரு பணிப்புரை கொண்டுவந்தது. இந்தியாவில் 2019 செப்டம்பரில் வந்த பிஎஸ்6 ஆக்டிவா 125, ஸ்டாண்ட் கீழே இருந்தால் என்ஜின் இயங்காத வசதியை விளம்பரத்திலேயே சொல்லி விற்றது. இன்று ஸ்கூட்டி வாங்குகிற ஆசிரியைக்கும் இந்தச் சுவிட்சோடு பழக்கமிருக்கிறது. ஸ்டாண்டை மடக்காமல் ஸ்டார்ட் பண்ணினால் பிடிக்காது, அவ்வளவுதான்.

மூன்று சுவிட்ச், ஒரு டயோட்

ட்ரெயில் பைக்கில் கதை கொஞ்சம் சுற்றிப் போகிறது. ஸ்டாண்டில் ஒன்று, கிளட்ச் லிவரின் அடியில் ஒன்று, என்ஜினுக்குள் நியூட்ரலுக்கு ஒன்று என்று மூன்று சுவிட்சுகள். இடையில் விரல் நகமளவு ஒரு டயோட். இவை பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம் இது: நியூட்ரலில் இருந்தால் ஸ்டாண்ட் எங்கே இருந்தாலும் என்ஜின் ஓடலாம். கியரில் இருந்தால் ஸ்டாண்ட் மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இக்னிஷன் அணையும். ஸ்டார்ட் பண்ண வேண்டுமானால் நியூட்ரலில் இருக்க வேண்டும், அல்லது ஸ்டாண்டை மடக்கிக் கிளட்சைப் பிடித்திருக்க வேண்டும்.

மூன்றும் கூட்டாளிகள் என்பதால் ஒருவன் படுத்தால் பழி இன்னொருவன் மேல் விழும். நியூட்ரல் சுவிட்ச் பழுதானால், கியர் நியூட்ரலில் இருந்தும் பைக் கியரில் இருப்பதாகவே நினைக்கும். ஸ்டாண்டைக் கீழே போட்டதும் அணைந்துவிடும். பார்க்கிறவர் ஸ்டாண்ட் சுவிட்சுக்குத்தான் பழுது என்பார். மீட்டரில் பச்சை நியூட்ரல் லைட் எரிகிறதா என்று பார்த்திருந்தால் போதும், விஷயம் தெரிந்திருக்கும். அந்த லைட்டின் பல்பு எரிந்தே இரண்டு வருடமாகியிருக்கும் என்பது வேறு கதை. இப்படி நல்ல சுவிட்சின் வயர் வெட்டுப்பட்டு, கெட்ட சுவிட்ச் தப்பித்துப் போகிறது.

கழற்றிய ஸ்டாண்ட் சுவிட்ச் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் மேல் இரக்கம் வரும். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் பெட்டி. ஒரு முனையில் உள்ளே போய் வரும் ஊசி. அதைச் சுற்றி, வெடித்துக் காய்ந்த ரப்பர் உறை. கத்தியால் நெம்பித் திறந்தால் செம்மண் குழம்பாகி இறுகிப்போன ஒரு களி. அதற்குள் ஒரு ஸ்பிரிங். செப்புத் தகடுகள் இரண்டிலும் பச்சைக் களிம்பு. என்ஜினுக்குக் கீழே, முன் டயர் வாரியிறைக்கும் சேற்றுக்கு நேர் எதிரே, பைக்கிலேயே மோசமான இடத்தில் இதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஸ்டாண்ட் அங்கேதான் இருக்கிறது, வேறு வழியில்லை.

வெள்ளவத்தைப் பைக்குகளுக்குச் சேற்றோடு உப்பும் சேரும். மரைன் டிரைவுக்கு அப்பால் ரயில் பாதை, ரயில் பாதைக்கு அப்பால் கடல். அந்தப் பக்கம் இரவில் வெளியே நிற்கும் பைக்கில் முதலில் துருப்பிடிப்பது சைலன்சர் கிளாம்ப். அடுத்தது வயர் கனெக்டர்கள். சுவிட்ச் நன்றாக இருந்து, மேலே சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டரின் ஊசிகள் உப்பில் அரித்துப் போயிருக்கும். அதைச் சுரண்டித் துடைத்து, கான்டாக்ட் ஸ்பிரே அடித்து, கொஞ்சம் கிறீஸ் பூசி மாட்டினால் தீர்கிற பிரச்சினைக்கும் வயர்தான் வெட்டுப்படுகிறது.

வெட்டி முறுக்கிய அந்த இடம் எத்தனை நாள் தாங்கும் என்று வெட்டும்போது யாரும் கேட்பதில்லை. சுவிட்சையே தின்ற உப்பும் தண்ணீரும் அதிர்வும் அந்தத் திறந்த செப்பை விட்டுவைக்குமா? டேப்பின் பசை வெயிலில் உருகி வழியும். முறுக்கு தளரும். மழையில் களனிப் பாலத்தின் மேல், முன்னும் பின்னும் லொறி வரும்போது, இக்னிஷன் ஒரு கணம் விட்டு விட்டுப் பிடிக்கும். சுவிட்ச் தொல்லை தருகிறது என்று வெட்டினோம். இப்போது தொல்லை இன்னும் மோசமான இடத்தில் வந்து நிற்கிறது. ஈயம் வைத்து ஒட்டி, சுருங்கும் குழாய் மாட்டிச் செய்தால் தாங்கும்தான். அந்தப் பொறுமையோடு செய்யும் பாஸ்மாரும் கொழும்பில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் முதலில் மீட்டர் வைத்துச் சுவிட்சைச் சோதித்துவிட்டுத்தான் வெட்டுவதைப் பற்றியே பேசுவார்கள்.

ஐந்து வருடம் கதவு சாத்தியிருந்த காலம்

இவ்வளவு வெட்டு நடந்ததற்குப் பாஸ்மாரை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடையில் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பெற்றோல் வரிசையில் இரவு முழுக்கப் படுத்த நாட்கள், பிறகு கியூஆர் அட்டை. அந்தக் கதையைக் கொழும்பு வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஓடும் ட்ரெயில் பைக்குகளில் கணிசமானவை ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. ஹொண்டா ஏஎக்ஸ்-1 1988இல் வந்த மொடல். எக்ஸ்ஆர்250 எம்டி30 1995இல் தொடங்கி 2007இல் உற்பத்தி நின்ற மொடல். இரட்டைக் கண் ஹெட்லைட் போட்ட பஹா அதன் தம்பி. யமஹா செரோ 1985இலிருந்து 2020வரை வந்தது. சுஸுகி ஜெபெல், தடித்த டயர் போட்ட டிடபிள்யூ200 என்று பட்டியல் நீளும். ஓட்டுகிற பையனைவிட வயது கூடிய பைக்குகள் இவை. இவற்றுக்கான அசல் ஸ்டாண்ட் சுவிட்ச் வேண்டும் என்று பஞ்சிகாவத்தையில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கலாம். கழற்றிய பழைய சுவிட்ச் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். அதுவும் உள்ளே பச்சை பூத்ததாக இருக்கலாம். ஜப்பானிலிருந்து வரவழைத்தால் சுவிட்சின் விலையோடு அனுப்பும் செலவும் தீர்வையும் ஏறி, ஒரு டயரின் விலைக்குக் கிட்டப் போய் நிற்கும்.

வேறொரு பைக்கின் சுவிட்சைப் பிராக்கெட் அடித்துப் பொருத்தலாம். நடக்கிற வேலைதான். அதற்கு அரை நாள் வேண்டும். டிரெக்ட் பண்ணுவதற்குப் பத்து நிமிடம். சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகிற வருடத்தில் எது நடந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

காட்டுக்காரர்களின் நியாயம்

ஓஹியாவிலிருந்து களுபஹன பக்கம் இறங்கும் டெவில்ஸ் ஸ்டேர்கேஸைப் பார்த்தவர்களுக்குக் காட்டு ஓட்டக்காரர்களின் வாதம் சட்டென்று புரியும். கல்லும் பள்ளமும் கொண்ட செங்குத்து. ஏறும்போது ஒரு கல் அடியில் தட்டி ஸ்டாண்டை அரை அங்குலம் கீழே தள்ளினால் போதும், என்ஜின் அணைந்துவிடும். ஏற்றத்தில் அணைந்த பைக்கைக் கால் எட்டாத உயரத்தில் பிடித்து நிறுத்துவது எப்படி என்று சொல்லித்தர முடியாது. விழுந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். பின்பக்கமாகச் சரிகிற 130 கிலோ இரும்புக்குப் பாதுகாப்பு விதிகள் தெரியாது. அந்த இடத்தில் என்ஜினை அணைக்கும் சுவிட்ச்தான் ஆபத்து என்று அவர்கள் சொல்வது உண்மை.

ஓடையைக் கடக்கும்போதும் இப்படித்தான். நடுத் தண்ணீரில் சுவிட்ச் நனைந்து என்ஜின் நின்றால், சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏற நேரம் பிடிக்காது. கிளட்ச் சுவிட்சுக்கும் ஒரு வழக்கு உண்டு. காட்டில் விழுந்து கிளட்ச் லிவர் அடியோடு முறிந்தால், கியரில் போட்டு ஸ்டார்ட்டரை அமுக்கித் தாவித்தான் ஊர் வந்து சேர வேண்டும். கிளட்ச் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆவேன் என்று அடம்பிடிக்கிற பைக்கோடு இரவு ஏழு மணிக்கு நக்கிள்ஸில் என்ன பண்ணுவது?

சுவிட்சே என்ஜினுக்கு யமனாவதும் உண்டு. சுஸுகியின் டிஆர்650 ஓட்டுகிறவர்கள் உலகெங்கும் அறிந்த நோய் இது: நியூட்ரல் சுவிட்சை உள்ளே பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்குரூக்கள் காலப்போக்கில் தளர்ந்து என்ஜினுக்குள்ளேயே விழும். விழுந்தால் எங்கே போய்ச் சிக்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஆனால் அதற்கு அனுபவசாலிகள் செய்யும் வைத்தியத்தைக் கவனியுங்கள். ஸ்குரூவைக் கழற்றி, இறுகப் பிடிக்கும் பசை தடவி, கம்பியால் கட்டியும் வைக்கிறார்கள். சுவிட்ச் தன் வேலையைத் தொடர்ந்து பார்க்கிறது.

"மோட்டோகுரொஸ் பைக்கில் இந்தச் சுவிட்சே கிடையாதே, அவர்கள் ஓட்டவில்லையா?" என்பது அடுத்த வாதம். சரிதான், கிடையாது. ஏனென்றால் அதில் ஸ்டாண்டே கிடையாது. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லிலோ அநுராதபுரம் சாலியபுரத்திலோ பந்தயத்துக்கு வரும் பைக்குகளை முக்காலி போன்ற தனித் தாங்கியில் ஏற்றித்தான் நிறுத்துகிறார்கள். மடக்க மறக்க ஒன்றுமில்லாத பைக்குக்கு மறதிச் சுவிட்ச் எதற்கு? அந்தப் பைக் வெள்ளவத்தைச் சந்தைக்கு வருவதும் இல்லை. லொறியில் ஏறி வந்து லொறியில் ஏறிப் போகிறது. நம் எம்டி30 அப்படியல்ல. ஞாயிறு மாலை சேற்றோடு வந்து, திங்கட்கிழமை காலை அதே ஸ்டாண்டோடு ஒழுங்கையிலிருந்து இடது பக்கம் திரும்புகிறது. பந்தய பைக்கின் சலுகையைக் கேட்கிறவர் அதன் நிபந்தனையையும் ஏற்க வேண்டும். ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு வரட்டும், சுவிட்சை வெட்டுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

தொடவே கூடாதது

அதே பந்தய பைக்கில் ஒன்று கட்டாயம். ஹேண்டிலில், பிடித்த கையை எடுக்காமல் விரலுக்கு எட்டுகிற, என்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச். சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனத்தின் விதிகளில் அது இல்லாமல் தொழில்நுட்பப் பரிசோதனையைத் தாண்ட முடியாது. ட்ரயல்ஸ் என்னும் பாறையேறும் போட்டியில் இன்னும் ஒருபடி மேலே: சுவிட்சிலிருந்து ஒரு கயிறு ஓட்டுநரின் மணிக்கட்டுக்குப் போகிறது. ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு என்ஜின் அணையும். உலகிலேயே மிகத் திறமையான ஓட்டக்காரர்கள்தான் அந்தக் கயிற்றோடு ஓட்டுகிறார்கள். சுவிட்செல்லாம் பழகாதவர்களுக்கு என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கில் சுவிட்சை ஏன் வெட்டுகிறார்கள் என்றால், அதே காரணம்தான். வலது ஹேண்டிலில் தண்ணீர் இறங்கி, பைக் விட்டு விட்டு ஓடும். டிரெக்ட் பண்ணினால் சரியாகிவிடும். பிறகு ஒருநாள் ஈரமான தேயிலைத் தோட்டப் பாதையில் பைக் இடது பக்கம் சரிந்து காலின் மேல் விழும். த்ராட்டிலில் மண் அடைத்து, கைப்பிடி திரும்பி வராது. பின் சக்கரம் சுற்றுகிறது, செயின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. சாவி எங்கோ மீட்டருக்கு முன்னால். அந்த நேரத்தில் கட்டைவிரலுக்கு எட்டுவது அந்தச் சிவப்புப் பொத்தான் ஒன்றுதான். மற்றச் சுவிட்சுகளைப் பற்றி விவாதிக்கலாம். இதைப் பற்றி எனக்கு விவாதம் இல்லை.

கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்து முகத்துவாரத்தில் கரையேறி நிற்கும் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களிலும் இதே தத்துவம் உண்டு. மணிக்கட்டில் மாட்டும் சுருள் கயிறு. ஆள் கடலில் விழுந்தால் இயந்திரம் அணைய வேண்டும். கயிறு கையில் இல்லாமல் இயந்திரத்திலேயே தொங்குவதை எந்தக் கரையிலும் காணலாம். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் அதை மாட்டித்தான் ஓட்ட வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் சட்டமாக்க வேண்டியிருந்தது. கருவியைப் பொருத்தினால் மட்டும் ஆட்கள் பயன்படுத்த மாட்டார்கள் என்று அவர்களும் கண்டுகொண்டார்கள்.

கிளட்ச் சுவிட்ச், ஸ்டாண்ட் சுவிட்சுக்கும் கில் சுவிட்சுக்கும் நடுவில் நிற்கிறது. காட்டில் அதை வெட்டுவதற்கு நியாயம் சொன்னேன். ஊரில் அதற்கு எதிரான நியாயம் பெரியது. சரிவில் நிறுத்தும் பைக்கை உருளாமல் முதல் கியரில் போட்டு நிறுத்துவது நம் வழக்கம். ஜம்பட்டா வீதியின் கிளை ஒழுங்கைகளில் வீட்டுக் கதவுக்கும் பைக்குக்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்காது. சாவியைத் திருப்பிவிட்டு ஹெல்மெட் எடுக்க உள்ளே போனால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதலில் எட்டுவது ஸ்டார்ட்டர் பொத்தான். கிளட்ச் சுவிட்ச் இருந்தால் ஒன்றும் நடக்காது. ஸ்டாண்ட் சுவிட்சோடு இதையும் வெட்டியிருந்தால், பைக் அந்த ஒரு முழத்தைத் தாவிக் கடக்கும்.

புதிய பைக்குகளில் விழுந்ததும் உணர்ந்து என்ஜினை நிறுத்தும் சென்சர் ஒன்றும் இருக்கிறது. சிஆர்எஃப்250எல் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பிடிக்கும். இது தெரியாமல் பழுதென்று நினைத்துத் தள்ளிக்கொண்டே வந்தவர்களும் உண்டு. அதன் வயரைத் தொடுவதற்கு முன் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படிக்கலாம்.

ஏன் வெட்டுகிறோம்

இது பைக்காரர்களின் தனிப்பட்ட கெட்ட குணம் என்று நினைத்தால் பிழை. 2006இல் ஜெர்மனியின் தொழில் விபத்துக் காப்புறுதிச் சங்கங்கள் வெளியிட்ட ஆய்வு, உலோகத் தொழிற்சாலை இயந்திரங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பாதுகாப்புக் கருவிகள் ஏமாற்றப்பட்டிருந்ததாகக் கண்டது. ஒழுங்குக்குப் பேர்போன ஜெர்மனியில்! அதற்குப் பிறகு 2013இல் திருத்தி வந்த ஐஎஸ்ஓ 14119 தரம், இயந்திரம் வடிவமைக்கிறவரிடமே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறது: இந்தக் கருவியை ஏமாற்றத் தொழிலாளிக்கு என்ன தூண்டுதல் இருக்கிறது? அந்தத் தூண்டுதலைக் குறைக்காமல் பூட்டு மட்டும் போட்டால் பூட்டு உடைபடும்.

2003 ஜனவரி 31ஆம் திகதி, சிட்னிக்குத் தெற்கே வாட்டர்ஃபோல் அருகே ஒரு ரயில் தடம் புரண்டது. ஓட்டுநருக்கு மாரடைப்பு. கால் எடுத்தால் ரயிலை நிறுத்த வேண்டிய பெடல், மயங்கியவரின் கால் பாரத்திலேயே அமுங்கிக் கிடந்தது. ஓட்டுநரோடு சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள். விசாரணையில் இன்னொன்று தெரிந்தது. பெடலுக்குப் பக்கத்தில் கீறல்கள். மணிக்கணக்காக மிதித்துக் கால் வலிக்கிறது என்று, ஓட்டுநர்கள் சிலர் கொடிக் கம்பைச் செருகி அதை அமுக்கி வைத்து ஓட்டியிருக்கிறார்கள். எவர் மேலும் கோபப்பட முடியவில்லை. கால் வலித்தது உண்மை.

சேற்றில் பழுதாகும் இடத்தில் சுவிட்சை வைத்த பொறியாளருக்கும், அசல் உதிரிப்பாகம் எளிதில் கிடைக்காத சந்தைக்கும், பத்து நிமிட வேலைக்கே கூலி கொடுக்கத் தயாராக இருக்கும் வாடிக்கையாளருக்கும் இதில் பங்குண்டு. ஆனால் பைக் கைமாறும்போது சொல்லாமல் விடுவதற்கு இந்தச் சமாதானம் எதுவும் செல்லாது.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வருடாவருடம் என்ன பார்க்கிறார்கள்? புகைச் சான்றிதழ், காப்புறுதி, பிறகு வருமான அனுமதிப்பத்திரம். புகைக்குழாயில் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள்; ஸ்டாண்டைத் தட்டிப் பார்க்க யாரும் இல்லை. 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ், முச்சக்கரவண்டிகளின் அலங்காரங்களையும் மேலதிக விளக்குகளையும் கழற்றச் சொல்லி இறங்கியபோது நாடே பேசியது. கண்ணுக்குத் தெரிவதைத்தானே கழற்றச் சொல்ல முடியும்? டேப்புக்குள் இருக்கும் இரண்டு கம்பிகள் எந்தச் சோதனைச் சாவடியிலும் தெரியாது. ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் சாகும் நாட்டில், அதிலும் மோட்டார் சைக்கிள்காரர்களே பெரும் பகுதியாக இருக்கும் நாட்டில், மடக்காத ஸ்டாண்டால் போன உயிர் எத்தனை என்று தனியாக எழுதி வைக்கும் வழக்கமும் நமக்கு இல்லை. 'வேகக் கட்டுப்பாட்டை இழந்து' என்ற ஒரே வரிக்குள் அது கரைந்துவிடும்.

ஆகவே வேலை வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது. பைக் பார்க்கப் போகும்போது டேங்க்கின் கீறலையும் செயினின் தேய்மானத்தையும் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். பைக்கில் ஏறி உட்கார்ந்து ஸ்டாண்டை மடக்குங்கள். நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணுங்கள். பச்சை லைட் எரிகிறதா பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்து, கிளட்சை முழுக்கப் பிடித்து, முதல் கியர் போடுங்கள். கிளட்சை விடாமல் இடது காலால் ஸ்டாண்டைக் கீழே தள்ளுங்கள். ஸ்டாண்ட் சுவிட்ச் உள்ள மொடலாக இருந்தால் என்ஜின் அணைய வேண்டும். அடுத்து, என்ஜினை அணைத்து, ஸ்டாண்டை மடக்கி, கியரிலேயே வைத்து, முன் பிரேக்கை இறுகப் பிடித்தபடி கிளட்சை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டுங்கள். மோட்டார் சுற்றக் கூடாது. எதிரே ஆள் நிற்க வேண்டாம். கடைசியாக நியூட்ரலில் ஓடவிட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்குங்கள்.

முதல் இரண்டில் ஒன்று தவறினால் பைக்கை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. எங்கே வெட்டினீர்கள், யார் செய்தது, பழைய சுவிட்ச் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். நேர்மையான ஆள் "ஓம், டிரெக்ட் பண்ணியிருக்கு, சுவிட்ச் வீட்டில கிடக்கு" என்பார். விலையிலும் கொஞ்சம் இறங்குவார். கில் சுவிட்ச் வேலை செய்யாவிட்டால், அதைச் சரி செய்து காட்டும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.